லாட்ஜில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: மாதக் கூட்டமும் உங்கள் பங்கும்

‘லாட்ஜ்’ என்றதும் தமிழில் பலருக்குத் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். இங்கே நான் பேசுவது ஃப்ரீமேசன், ஆட் ஃபெல்லோஸ் போன்ற சகோதரத்துவ அமைப்புகளின் உள்ளூர்க் கிளையைப் பற்றி.

சேர்ப்புச் சடங்கு நடந்த இரவில் எல்லோரும் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். கை குலுக்குவார்கள், ‘சகோதரரே’ என்று அழைப்பார்கள். அடுத்த மாதம் நீங்கள் கடைசி வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருப்பீர்கள். முன்னால் நடப்பதில் பாதி புரியாது. மூன்றாம் மாதம் அலுவலகத்தில் வேலை. நான்காம் மாதம் மழை. ஆண்டு முடியும்போது உங்கள் பெயர் சந்தா பாக்கிப் பட்டியலில் மட்டும் மிஞ்சியிருக்கும். இப்படிக் கழன்றுபோன நல்ல மனிதர்கள் பலரை எனக்குத் தெரியும். கொள்கையில் மனம் கசந்து விலகியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அங்கே தமக்கு என்ன வேலை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வேலையைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலும் ஃப்ரீமேசன் லாட்ஜ் நடைமுறையை வைத்தே சொல்கிறேன். மற்ற அமைப்புகளில் பதவிப் பெயர்களும் சடங்குகளும் மாறும். மாதம் நகரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் தேதிகள்

கூட்டம் எந்த நாளில் என்பதை லாட்ஜின் துணைவிதிகளே நிர்ணயித்திருக்கும்: மாதத்தின் இரண்டாம் வியாழன், மூன்றாம் திங்கள் என்பது போல. ஆகவே ஓராண்டுக்கான தேதிகளை ஒரே நாளில் குறித்துக்கொள்ளலாம். தெருவிளக்கு இல்லாத காலத்தில் பல லாட்ஜ்கள் முழுநிலவு நாளை ஒட்டிக் கூடின. கூட்டம் முடிந்து குதிரையிலோ நடந்தோ வீடு திரும்புகிறவர்களுக்கு நிலவொளிதான் துணை. அந்த வழக்கத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கும் ‘நிலா லாட்ஜ்கள்’ சில உண்டு. உங்களுடையது அவற்றில் ஒன்றானால், கிழமையை விட்டுவிட்டு நாள்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள்.

சேர்ந்த வாரத்திலேயே செயலாளரைச் சந்தித்துச் சில விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எந்தெந்த மாதங்களில் கூட்டம் இல்லை? எல்லா லாட்ஜும் பன்னிரண்டு மாதமும் கூடுவதில்லை. கோடையில் ஓரிரு மாதம் மூடுவது பரவலான வழக்கம், ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டுமே கூடும் லாட்ஜ்களும் உண்டு. என்ன உடை? கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் கட்டாயமான இடங்களும் உண்டு, சாதாரண உடையே போதும் என்கிற இடங்களும் உண்டு. கூட்டம் எந்த நிலையில் திறக்கப்படும் என்பதையும் கேட்க மறக்காதீர்கள். ஃப்ரீமேசன் லாட்ஜில் ஓர் உறுப்பினர் சடங்குகள் வழியே படிப்படியாக ஏறுவது மூன்று நிலைகள். கூட்டம் திறக்கப்படும் நிலையை எட்டியவர்களே உள்ளே அமரலாம். புதியவர் முதல் நிலையில் இருப்பார். அமெரிக்காவில் 1843ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, நிர்வாகக் கூட்டங்களை மூன்றாம் நிலையில் மட்டுமே திறக்கும் வழக்கம் அங்கே பரவியது. பல மாநிலங்கள் அதை இப்போது தளர்த்திவிட்டன. தளர்த்தாத இடத்தில் நீங்கள் சேர்ந்திருந்தால், வாசல்வரை போய்த் திரும்ப நேரிடும். முன்கூட்டியே தெரிந்தால் மனம் சங்கடப்படாது.

எவ்வளவு நேரம் கொடுப்பது?

எல்லாக் கூட்டத்துக்கும் வந்தே தீர வேண்டுமா என்று புதியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். மரபிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சேர்ப்புச் சடங்கில் வரும் ‘கேபிள் டோ’ என்ற கயிற்றின் நீளத்துக்குள் இருக்கும் சகோதரர், அழைப்பு வந்தால் வர வேண்டும் என்பது பழைய விதி. அந்த நீளத்தை ஒரு காலத்தில் மூன்று மைல் என்று சொன்னார்கள். இன்று அதற்கு ‘அவரவர் நியாயமான சக்திக்கு உட்பட்டு’ என்பதே பொருள். குடும்பத்துக்கோ பிழைப்புக்கோ இடையூறாக லாட்ஜ் வரக்கூடாது என்பது புதியவருக்கு ஆரம்பத்திலேயே சொல்லப்படும் பாடம். முதல் நிலையில் விளக்கப்படும் கருவிகளில் ஒன்று இருபத்து நான்கு அங்குல அளவுகோல். நாளின் 24 மணி நேரத்துக்கு அது அடையாளம். வழிபாட்டுக்கு, உழைப்புக்கு, ஓய்வுக்கு, துன்பப்படுகிறவருக்கு உதவ என்று நேரத்தைப் பங்கிடச் சொல்லும் அளவுகோல்.

என் கணக்கு இது: மாதம் ஒரு மாலை கூட்டத்துக்கு, ஒரு மாலை பயிற்சிக்கு, வாரத்தில் அரை மணி நேரம் தொலைபேசிக்கு. முதல் ஆண்டுக்கு இது போதும். வீட்டில் இருப்பவர்களிடம் இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மாலை முழுதும் எங்கே போகிறார் என்ற கேள்வி வீட்டில் தங்கிவிட்டால் எந்த உறுப்பினரும் நெடுநாள் நீடிப்பதில்லை.

அழைப்பு வந்ததும்

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு செயலாளரிடமிருந்து அழைப்பு வரும். அதில் நிகழ்ச்சி நிரல் இருக்கும்: யாரைச் சேர்ப்பது பற்றி வாக்கெடுப்பு, யாருக்கு எந்த நிலை, என்ன தீர்மானம். அதைப் படியுங்கள். புதிதாகச் சேர விண்ணப்பித்தவரின் பெயர் அதில் இருந்தால் அது வெறும் தகவல் அல்ல. அந்தப் பெயரைப் பற்றி உங்கள் மனசாட்சி என்ன சொல்கிறது என்று யோசிக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

பிறகு பதில் எழுதுங்கள். வருகிறேன் அல்லது வர இயலாது, உணவுக்கு இருப்பேன் அல்லது இருக்க மாட்டேன். இந்த ஒற்றை வரிப் பதிலுக்காகச் செயலாளர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். முப்பது பேருக்குச் சமைக்கச் சொல்லிப் பதினெட்டுப் பேர் வந்தால் அந்த இழப்பை லாட்ஜின் நிதிதான் தாங்குகிறது. வேறு ஒருவரின் மருத்துவச் செலவுக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது.

கூட்ட நாள்: ஒரு மணி நேரம் முன்னதாக

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சீக்கிரம் போங்கள். அழைப்பில் ஆறரை மணி என்றிருந்தால் ஐந்தரைக்கே அங்கே இருங்கள். அந்த நேரத்தில் இரண்டு மூன்று பேர் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார்கள். லாட்ஜின் தலைவரான மாஸ்டரின் மேடையிலும், அவருக்கு அடுத்த பொறுப்பிலிருக்கும் இரண்டு வார்டன்களின் மேடைகளிலும் மெழுகுவர்த்தி, சுத்தியல், கருவிகள் என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். எந்தப் பொருள் எங்கே, ஏன் அங்கே என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஓராண்டில் நான் கற்றதைவிட, மேசை தூக்கிய மூன்று மாலைகளில் அதிகம் கற்றேன். பெயர்களும் அப்போதுதான் மனதில் பதிந்தன. சடங்கின்போது ‘மதிப்புக்குரிய சகோதரர்’ என்று மட்டும் தெரிந்தவர், மேசையின் மறுமுனையைப் பிடித்தபடி தம் மகளின் தேர்வைப் பற்றிப் பேசுவார்.

கூட்டம் தொடங்கும் முன் வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். வாசலுக்கு வெளியே உருவிய வாளோடு நிற்பவர் டைலர். வெளியாட்கள் நுழையாமல் காப்பது அவர் கடமை. கூட்டத்தில் இடுப்பில் அணியும் முன்துணியான ஏப்ரனைப் புதியவருக்குச் சரியாகக் கட்டிவிடுவதும் பல லாட்ஜ்களில் அவர்தான். தாமதமாக வந்துவிட்டால் கதவைத் தள்ளாதீர்கள். டைலர் தட்டுவார், உள்ளே இருக்கும் காவலர், தகுந்த இடைவேளையில் மாஸ்டரிடம் தெரிவிப்பார், அனுமதி வந்ததும் நுழைந்து, மாஸ்டருக்கு வணக்கம் செலுத்திவிட்டு அமருங்கள். காத்திருக்கும் பத்து நிமிடம் அவமதிப்பல்ல. நடுவில் ஒருவர் நுழைந்தால், மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தவரின் வாக்கியம் அறுந்துபோகும்.

உள்ளே

கூட்டம் முறைப்படி திறக்கப்படும். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டோ முன்பே அனுப்பப்பட்டோ உறுதி செய்யப்படும். கடிதங்கள், கணக்கு, நலம் குன்றியவர்கள் பற்றிய அறிக்கை, தர்மத்துக்கான வசூல், தீர்மானங்கள் ஆகியவை வரும். சடங்கு இருந்தால் அதுவும். பேச விரும்பினால் எழுந்து நின்று மாஸ்டரை நோக்கியே பேச வேண்டும். எதிர் வரிசையில் இருப்பவரோடு நேரடி வாதம் கூடாது. எரிச்சலைப் பாதியாக்கும் அருமையான ஏற்பாடு இது. மதச் சண்டையும் அரசியல் சண்டையும் உள்ளே வரக்கூடாது என்பது 1723இல் அச்சான ஜேம்ஸ் ஆண்டர்சனின் விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. வியாபாரத்துக்கு ஆள் பிடிப்பதையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டு நீட்டும் புதியவரை யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள், ஆனால் எல்லோரும் மனதில் குறித்துக்கொள்வார்கள்.

புதிய உறுப்பினருக்கான வாக்கெடுப்பு ரகசியமானது. பெட்டிக்குள் சிறு வெள்ளைக் குண்டு போட்டால் ஏற்பு, கறுப்பு போட்டால் மறுப்பு. எத்தனை கறுப்பு விழுந்தால் விண்ணப்பம் தள்ளப்படும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். நீங்கள் எதைப் போட்டீர்கள் என்று சொல்லாதீர்கள், மற்றவரைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்ள அந்தப் பெட்டியைப் பயன்படுத்துவது, என் பார்வையில், ஒரு லாட்ஜில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. உண்மையான ஐயம் இருந்தால் வாக்கெடுப்புக்கு முன்பே, பரிந்துரைத்தவரிடமோ மாஸ்டரிடமோ தனியாகப் பேசுங்கள்.

உணவு மேசை

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள் பாதி லாட்ஜை இழந்துவிடுகிறார்கள். உணவும் கூட்டத்தின் தொடர்ச்சிதான். வாழ்த்துரைகள் ஒரு வரிசையில் வரும். புதிதாகச் சேர்க்கப்பட்டவருக்கான வாழ்த்துக்கு அவர் எழுந்து நன்றி சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் முறை வரும்போது இரண்டு நிமிடம் போதும்: உங்களைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி, அன்று உங்களைத் தொட்ட ஒரு விஷயம், அவ்வளவு. மது அருந்தாதவர் தண்ணீரை உயர்த்தினாலும் வாழ்த்து வாழ்த்துதான்.

கடைசியாக வருவது டைலரின் வாழ்த்து. நிலத்திலும் நீரிலும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஏழைச் சகோதரர்களுக்கும் துன்பத்தில் இருப்பவர்களுக்கும் விரைவில் ஆறுதல் கிடைக்கட்டும், விரும்பினால் அவர்கள் தம் நாடு திரும்பட்டும் என்பது அதன் பொருள். இருந்து அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

புதியவர் ஏற்கக்கூடிய முதல் பதவி பெரும்பாலும் ஸ்டூவர்ட், அதாவது பரிமாறுகிறவர். அது கீழான வேலை என்று நினைத்து மறுத்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய் நிற்கிறவருக்கு ஒரே மாலையில் எல்லோருடைய முகமும் குரலும் பழகிவிடும். பின்னாளில் மாஸ்டர் நாற்காலியில் அமர்கிறவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இரண்டு கூட்டங்களுக்கு நடுவே

லாட்ஜ் உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும். ஆட் ஃபெல்லோஸ் அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு இடும் கட்டளை நான்கு: நோயுற்றவரைப் போய்ப் பார், துன்பப்படுகிறவருக்கு உதவு, இறந்தவரை அடக்கம் செய், ஆதரவற்ற குழந்தையைப் படிக்க வை. அமெரிக்காவில் இந்த அமைப்பை 1819இல் பால்டிமோரில் தொடங்கியவர் தாமஸ் வைல்டி. அரசுக் காப்பீடு வராத காலத்தில் உழைக்கும் குடும்பங்களுக்கு இந்த நான்கு வரிகளே பெரும் காப்பாக இருந்தன.

ஃப்ரீமேசன் லாட்ஜ்களில் இதைக் கவனிப்பவர் ஆல்மனர். சில இடங்களில் நலக்குழு. அவரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: “இந்த மாதம் நான் யாரைப் பார்க்கட்டும்?” பொதுவாக “ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று சொன்னால் ஒன்றும் நடக்காது, யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்துக்கு வர முடியாத ஒரு முதியவர் அல்லது மறைந்த உறுப்பினரின் மனைவி. மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். போகும் முன் சொல்லிவிட்டுப் போங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள், மருத்துவ ஆலோசனை சொல்லாதீர்கள். அவர் பழைய கதை சொன்னால் கேளுங்கள். லாட்ஜின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் கை மாறுகிறது. திரும்பியதும் ஆல்மனரிடம் நிலைமையைச் சொல்லுங்கள், அவரிடம் மட்டும். ஒருவருடைய கஷ்டம் உணவு மேசையில் பேச்சாகிவிட்டால் அடுத்தவர் தம் கஷ்டத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார்.

என் முதல் ஆண்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட பெயர், கண்பார்வை மங்கிய ஒரு முன்னாள் மாஸ்டருடையது. இரவில் வண்டி ஓட்ட முடியாததால் இரண்டு ஆண்டுகளாக அவர் வரவில்லை. அவர் வீடு என் வழியில்தான் இருந்தது. யாருக்கும் அது தோன்றவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து அவர் என் வண்டியில் வந்தார். போகும் வழியில் அவர் சொல்லித் தந்த சடங்கு வரிகள் இன்றும் அவர் குரலிலேயே எனக்குக் கேட்கின்றன. வண்டி வைத்திருக்கும் புதியவர் ஒவ்வொருவரும் செயலாளரிடம் இதைக் கேட்க வேண்டும்: என் வழியில் வர முடியாமல் இருப்பவர் யார்?

பயிற்சி மாலை

சடங்கு புத்தகத்தைப் பார்த்து வாசிக்கப்படுவதில்லை; மனதிலிருந்து சொல்லப்படுகிறது. அதற்காகவே பயிற்சி லாட்ஜ் நடக்கும். லண்டனில் 1823இல் தொடங்கிய எமுலேஷன் பயிற்சி லாட்ஜில், ஒரு சடங்கை யாரும் எடுத்துக்கொடுக்காமல் பிழையின்றி முழுதும் செய்து முடிப்பவருக்கு வெள்ளித் தீப்பெட்டி உறை பரிசு. அந்த உயரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். உங்களுக்கு முதலில் வருவது நான்கு வரி. அடுத்த நிலைக்குப் போகும் முன் சில கேள்வி பதில்களை ஒப்பிக்க வேண்டும், சில இடங்களில் ஒரு முழுப் பாடத்தையே.

வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கண்ணால் மட்டும் படித்தது நின்று சொல்லும்போது வராது. தினம் ஒரு வாக்கியம் கூட்டி, முதலிலிருந்து சொல்லுங்கள். மாலையில் படித்ததை மறுநாள் காலை நடந்தபடி சொல்லிப் பாருங்கள். பொருள் விளங்காத பழஞ்சொல்லை விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் தெரிந்த வரி மறப்பதில்லை. கூட்டத்தில் யாராவது தடுமாறினால் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். அதற்கென்று ஒருவர் இருக்கிறார். நாலா பக்கமும் முணுமுணுப்பு எழுந்தால், நினைவுக்கு வந்துகொண்டிருந்த சொல்லும் ஓடிவிடும்.

பிற லாட்ஜுக்குப் போவது

சில மாதம் கழித்து வேறு லாட்ஜ்களுக்குப் போய்ப் பாருங்கள். முதல் முறை தனியாகப் போக வேண்டாம். மூத்த சகோதரர் ஒருவரோடு போங்கள். அந்த லாட்ஜ் உங்கள் கிராண்ட் லாட்ஜால், அதாவது உங்கள் லாட்ஜுக்கு மேலிருக்கும் தலைமை அமைப்பால், அங்கீகரிக்கப்பட்டதுதானா என்று செயலாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தா செலுத்திய அட்டை அல்லது சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். அங்கே உங்களைச் சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். ‘எங்கள் லாட்ஜில் இப்படிச் செய்வதில்லை’ என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சந்தா

நாள் தவறாமல் செலுத்துங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் இவ்வளவு என்று லாட்ஜ் தன் கிராண்ட் லாட்ஜுக்குக் கட்டுகிறது. நீங்கள் தராவிட்டாலும் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்வரை அதை லாட்ஜ் கட்ட வேண்டும். பணமுடை வந்தால் ஒளியாதீர்கள். ஆல்மனரிடமோ செயலாளரிடமோ தனியாகச் சொல்லுங்கள்; தவணையோ தள்ளுபடியோ கேட்பதற்கு வழி இருக்கிறது. வெட்கப்பட்டு மௌனமாக இருந்து, விதிப்படி பெயர் நீக்கப்பட்டபின் வருந்திய சகோதரர்கள் உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பு அதைத் தடுத்திருக்கும்.

விட்டுப்போனால்

எவ்வளவு திட்டமிட்டாலும் நான்கைந்து மாதம் வர முடியாமல் போகும் காலம் வரும். குழந்தை பிறக்கும், வேலை மாறும், உடல் படுக்கும். அப்படி விட்டுப்போனவர்கள் திரும்பி வரத் தயங்குவது, ‘இவ்வளவு நாள் எங்கே?’ என்ற கேள்விக்கு அஞ்சித்தான். 1868இல் நியூயார்க்கில் தொடங்கிய எல்க்ஸ் என்ற இன்னொரு சகோதரத்துவ அமைப்பின் லாட்ஜ்களில் இரவு பதினொரு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு, அங்கே இல்லாத சகோதரர்களை நினைத்து வாழ்த்துச் சொல்வார்கள். இறந்தவர்களும் அதில் அடக்கம், வர முடியாமல் போனவர்களும் அடக்கம்.

திரும்ப வர நினைத்தால் காரணங்களை விளக்கி நீண்ட கடிதம் எழுத வேண்டாம். அடுத்த அழைப்புக்கு ‘வருகிறேன், உணவுக்கும் இருப்பேன்’ என்று பதில் அனுப்புங்கள். வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நாற்காலிகளை எடுத்துப் போடுங்கள். டைலர் பதிவேட்டை உங்கள் பக்கம் நகர்த்திப் பேனாவை நீட்டுவார்.